குரோமா, பயர்பொக்ஸா? வாய் திறக்க முன்னர் செய்யவேண்டிய வேலைகள்

திருகோணமலையில், அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம், இடையிடையே யாராவது கொண்டுவரும் லெப்டொப்பைத் திறந்து பார்ப்பது, இவ்வளவும்தான் தொழில். பின்னேரம் கடை பூட்டியதும் நாலைந்து பேர் டச் பே கடற்கரையில் கச்சான் சரையோடு உட்கார்ந்து பிரவுசர், விண்டோஸ், கேம் என்று கதைப்போம். கதை சூடாகிவிட்டால் வீட்டுக்குப் போன பிறகும் போனில் தொடரும்.

போன மாதம் ஏ.எல். முடித்த ஒரு தம்பி புதிதாக வந்து சேர்ந்தான். முதல் நாளே வாயைத் திறந்தான்.

"அண்ணா, குரோம் சரியில்லை. ரேம் முழுக்கக் குடிக்குது."

"எவ்வளவு குடிக்குது?"

"கனக்க."

"எத்தனை டேப் திறந்து வச்சிருக்கிறாய்?"

பதில் இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். விவாதத்துக்கு வரமுன் என்ன பார்க்கவேண்டும், எப்படி அளக்கவேண்டும் என்று எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மெஷினை அறிந்துகொள்ளுங்கள்

ஒரு துண்டுக் காகிதம் எடுங்கள். விண்டோஸ் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் புரொசெசரின் பெயரும், ரேம் (திறந்திருக்கும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) அளவும் தெரியும். டாஸ்க் மேனேஜரில் பெர்போமன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதை அழுத்தினால் உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டியா என்று காட்டும். விண்டோஸ் பதிப்பு, பிரவுசர் பதிப்பு இரண்டையும் குறியுங்கள். பிரவுசர் பதிப்பு அதன் மெனுவில் ஹெல்ப், அபவுட் என்ற இடத்தில் இருக்கும்.

இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். ஆனால் இதைச் செய்யாததால் எனக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லியாகவேண்டும். நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் என் மச்சான் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறார். அங்கே ஒரு லெப்டொப். பிரவுசரைத் திறந்தால் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம். நான் ஒரு கிழமையாக "குரோமைத் தூக்கிப் போடுங்கோ மச்சான்" என்று நின்றேன். பயர்பொக்ஸ் போட்டோம், அதே கதை. ஒபேரா போட்டோம், அதே கதை. கடைசியில் மூடியைக் கழற்றிப் பார்த்தால் 4 ஜிபி ரேம், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்ட அன்று, நான் திட்டிய அதே குரோம் கண் மூடித் திறக்கமுன் வந்து நின்றது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், அது போதாதா?

ஆக, "இந்தப் பிரவுசர் மெதுவானது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது டிஸ்க் என்ன என்றுதான். ரேம் பற்றாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். சுழலும் டிஸ்க்கில் அது நத்தை வேகம். பழி மட்டும் பிரவுசர் தலையில் விழும்.

குடும்பம் தெரியாமல் சண்டைக்குப் போகாதீர்கள்

பிரவுசருக்குள் பக்கத்தை வரைந்து காட்டும் ஒரு பகுதி இருக்கிறது. அதை எஞ்சின் என்பார்கள். இன்று கணக்கெடுத்தால் பெரிய எஞ்சின்கள் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஒபேரா, பிரேவ், விவால்டி, சாம்சுங் இன்டர்நெட் எல்லாம் பிளிங்க் எஞ்சினில் ஓடுபவை. பயர்பொக்ஸுக்கு கெக்கோ. சஃபாரிக்கு வெப்கிட். ஆகவே எட்ஜா குரோமா என்று அடிபடும் இரண்டு பேர் உண்மையில் ஒரே எஞ்சினின் இரண்டு சட்டைகளைப் பற்றித்தான் அடிபடுகிறார்கள். சட்டையும் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "இந்தப் பக்கம் எட்ஜில் வேலை செய்கிறது, குரோமில் இல்லை" என்று ஒருவர் சொன்னால், எஞ்சினைச் சந்தேகிக்கமுன் அவர் குரோமில் போட்டு வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரவுசரோடு ஒட்டிப் போடும் சின்னச் சின்ன மென்பொருள்களை, சந்தேகியுங்கள். பத்துக்கு எட்டுத் தடவை அங்கேதான் கோளாறு.

இந்தக் குடும்பம் எப்படி இப்படி ஆனது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பாதி விவாதம் பழைய கோபத்தில்தான் நடக்கிறது. 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் பிரவுசரை எழுதினார். 1994இல் நெட்ஸ்கேப் வந்தது, அடுத்த வருடமே மைக்ரோசொப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோடு இறங்கியது. விண்டோஸோடு சேர்த்தே அதைக் கொடுத்ததால் நெட்ஸ்கேப் நொந்துபோனது. 1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசொப்ட் மீது வழக்குத் தொடுத்தது. அதே 1998இல் நெட்ஸ்கேப் தன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 2004 நவம்பரில் வந்த பயர்பொக்ஸ் 1.0. குரோம் 2008 செப்டெம்பரில். 2013இல் ஒபேரா தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு குரோம் பக்கம் போனது. 2020 ஜனவரியில் மைக்ரோசொப்டும் எட்ஜை அதே பக்கம் கொண்டுபோனது. 2022 ஜூன் 15இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு விடை கொடுத்தார்கள்.

"பயர்பொக்ஸ் செத்தால் என்ன?" என்று கேட்பவருக்கு இதில்தான் பதில் இருக்கிறது. கணினியில் பிளிங்குக்கு வெளியே நின்று, விண்டோஸிலும், அதற்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்திலும் ஓடும் பெரிய எஞ்சின் கெக்கோ ஒன்றுதான். இது வேகத்தைப் பற்றிய வாதம் அல்ல. ஒரே கடை மட்டும் மிஞ்சினால் விலையை அந்தக் கடைக்காரர்தான் சொல்வார் என்ற வாதம். வேகக் கதைக்குள் இதைக் கொண்டுவந்து கலக்காதீர்கள், இரண்டும் கெட்டுப்போகும்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபோனில் குரோம் போட்டாலும் பயர்பொக்ஸ் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் ஐஓஎஸ் 17.4 வந்தபோது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. திருகோணமலையில் இருந்துகொண்டு "என் ஐபோனில் குரோம்தான் சஃபாரியைவிட வேகம்" என்று சத்தியம் செய்யும் நண்பர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். விட்டுவிட்டோம்.

அளப்பது எப்படி

கன்னியா வெந்நீரூற்றுக்கு வெளியூர்க்காரர் யாரையாவது கூட்டிப் போயிருக்கிறீர்களா? ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எது அதிகச் சூடு என்று கேட்டால் ஆளுக்கொரு கிணற்றைக் காட்டுவார்கள். காரணம் சின்னது: அதிகச் சூடான தண்ணீரில் கைவைத்துவிட்டு அடுத்ததில் வைத்தால், அடுத்தது எதுவாக இருந்தாலும் ஆறினது போலத் தெரியும். எதை முதலில் தொட்டோம் என்பதே முடிவை மாற்றிவிடுகிறது.

பிரவுசரிலும் இதே பொறிதான். ஒரு பக்கத்தை முதலில் குரோமில் திறந்து, பிறகு பயர்பொக்ஸில் திறந்து, "இரண்டாவது வேகம்" என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை. முதல் தடவை உங்கள் ரௌட்டரும் வழியில் உள்ள சேர்வர்களும் அந்தப் பக்கத்தின் முகவரியைத் தேடி எடுத்துத் தயாராக வைத்துவிட்டன. அதேபோல், மாதக்கணக்கில் பாவித்த குரோமில் பழைய கோப்புகள் ஏற்கனவே சேமிப்பில் இருக்கும், நேற்றுப் போட்ட பயர்பொக்ஸில் ஒன்றும் இருக்காது. எக்ஸ்டென்ஷன்கள் பதினைந்து ஒன்றில், மற்றதில் பூச்சியம். இது எந்த ஊர் நியாயம்?

நான் செய்யும் முறை இது. இரண்டிலும் புதிய புரொஃபைல் ஒன்று உருவாக்குவேன், எக்ஸ்டென்ஷனோ பழைய சேமிப்போ எதுவும் இல்லாமல். அன்றாடம் திறக்கும் ஆறு பக்கங்களை எழுதி வைத்துக்கொள்வேன். ஒரு செய்தித்தளம், ஒரு யூடியூப் வீடியோ, ஜிமெயில், வங்கிப் பக்கம், இப்படி. மெஷினை ரீஸ்டார்ட் செய்து, ஒரு பிரவுசரை மட்டும் திறந்து, ஆறையும் திறந்து, ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். பிறகு டாஸ்க் மேனேஜரில் அந்தப் பிரவுசரின் மொத்த ரேமைக் குறிப்பேன். கவனம்: ஒரு வரியை மட்டும் பார்க்காதீர்கள், அந்தப் பெயரில் உள்ள எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் வேண்டும். திரும்ப ரீஸ்டார்ட், மற்றப் பிரவுசர். பிறகு வரிசையை மாற்றி மறுபடியும். ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை. ஒரு பின்னேரம் போய்விடும், உண்மைதான். ஆனால் அதன் பிறகு உங்களோடு வாய் கொடுக்க ஆள் குறைவு.

டேப் வாரியாகப் பார்க்க குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள், அதற்கென்று தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். பயர்பொக்ஸில் மெனுவுக்குள் மோர் டூல்ஸ் என்ற இடத்தில் அதே போல ஒன்று உண்டு. எங்கள் தம்பிக்கு இதைக் காட்டியபோது அவனுடைய ரேமில் பெரும்பங்கைக் குடித்துக்கொண்டிருந்தது குரோமே அல்ல. இலவசமாக வீடியோ இறக்கித் தரும் என்று அவன் எங்கேயோ பார்த்துப் போட்ட ஓர் எக்ஸ்டென்ஷன்.

இன்னொன்று. ரேம் கூட எடுப்பது எப்போதும் குற்றம் அல்ல. குரோம் 2008இல் வந்தபோதே டேப்களைத் தனித்தனி புரொசெஸ்களாகப் பிரித்து ஓடவிட்டது, ஒரு டேப் விழுந்தால் மற்றவை நிற்பதற்காக. 2018இல் ஸ்பெக்டர் என்ற புரொசெசர் ஓட்டை வெளிவந்த பிறகு, ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்க்காதபடி தளங்களையும் தனித்தனி அறையில் அடைத்தார்கள். பயர்பொக்ஸ் 2021இல் அதே வேலையைச் செய்தது. அறைக்கு அறை சுவர் கட்டினால் சீமெந்து செலவாகும்தானே. அந்தச் சீமெந்துதான் உங்கள் ரேம். ஆகவே எண்ணைச் சொல்லும்போது, அந்த எண்ணால் உங்கள் மெஷின் உண்மையிலேயே தடுமாறுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 16 ஜிபி உள்ளவருக்கு 2 ஜிபி ஒரு பொருட்டல்ல. 4 ஜிபி உள்ளவருக்கு அது பாதி வீடு.

வேகத்துக்கு ஸ்பீடோமீட்டர் என்ற சோதனை இருக்கிறது. அதன் 3ஆம் பதிப்பு 2024 மார்ச்சில் வந்தது. ஆப்பிள் (சஃபாரி), கூகுள் (குரோம்), மொசில்லா (பயர்பொக்ஸ்) என்று போட்டிக்காரர்களே சேர்ந்து உருவாக்கிய அளவுகோல் என்பதால் "இது அவங்கட ஆட்கள் செய்தது" என்ற பேச்சுக்கு இடமில்லை. அதை ஓட்டும்போது லெப்டொப் சார்ஜில் இருக்கட்டும், இரண்டு தடவையும் ஒரே மாதிரி. நேரத்தையும் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் (கொறிக்கிற கச்சான் இல்லை, வெயிலோடு வந்து முகத்தில் அறையும் அந்தக் கச்சான்) மத்தியான வேளை லெப்டொப் தன் சூட்டைத் தாங்காமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் குரோம், மத்தியானம் பயர்பொக்ஸ் என்று சோதித்தால் நீங்கள் அளந்தது வெயிலை.

டேட்டா கணக்கும் எங்களுக்கு முக்கியம். எஃப் 12 அழுத்தி நெட்வேர்க் என்ற பகுதியைத் திறந்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினால், எத்தனை எம்பி இறங்கியது என்று கீழே காட்டும். விளம்பரத் தடுப்பானோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. செய்தித்தளம் ஒன்றில் செய்து பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே விளங்கும். இங்கே குரோமுக்கும் பயர்பொக்ஸுக்கும் உண்மையான வேறுபாடு ஒன்று உண்டு: எக்ஸ்டென்ஷன்களுக்கான பழைய விதிமுறையை, அதாவது மேனிஃபெஸ்ட் வி2வை, குரோம் 2024இல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தியது. அதனால் யூபிளொக் ஒரிஜின் என்ற பலமான தடுப்பான் குரோமில் பழையபடி ஓடாது, அதன் மெலிந்த தம்பிதான் ஓடும். பயர்பொக்ஸில் பெரியவரே ஓடுகிறார். டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிப்பவர்களிடம் நான் பயர்பொக்ஸை முன்வைப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மென்பொருள் பற்றி: இரண்டு சொல், ஒரு எழுத்துரு

ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்ற ஒரே சொல் விலையில்லாததையும் குறிக்கும், சுதந்திரத்தையும் குறிக்கும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் சுதந்திரமாகப் பாவிக்கக்கூடிய இயங்குதளம் ஒன்றுக்கான குனூ திட்டத்தை அறிவித்த காலத்திலிருந்து ஆங்கிலக்காரர்கள் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. இலவச மென்பொருள் (காசு கேட்காதது) வேறு, கட்டற்ற மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்) வேறு. குரோம் இலவசம், ஆனால் முழுக்கக் கட்டற்றது அல்ல. அதன் அடித்தளமான குரோமியம் கட்டற்றது. விஎல்சி, லிப்ரே ஒபிஸ் இரண்டும் இலவசமும் கட்டற்றதும். விவாதத்தில் எதைச் சொல்கிறோம் என்று சரியான சொல்லைப் பாவித்தால் பாதிச் சண்டை தொடங்கவே தொடங்காது. கடையில் நூறு ரூபாய்க்குப் பென் டிரைவில் ஏற்றித் தரும் களவு மென்பொருள் இந்த இரண்டிலும் சேராது. அதற்கு ஆதரவாக வாதாட வேண்டாம். அதோடு கூடவே வந்த வைரஸ் ஒன்று எங்கள் கடையின் ஒரு வருடத் தட்டச்சுக் கோப்புகளைத் தின்றிருக்கிறது.

இலங்கைத் தமிழர் இரண்டு பேர் கணினி பற்றிக் கதைத்தால் எப்படியும் பாமினியில் வந்து நிற்கும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் குடிவைத்த எழுத்துரு. "தமிழ்" என்று தட்டினால் கணினிக்குள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அந்த அலங்கோலம்தான் தெரியும். தேடினால் கிடைக்காது, போனில் வாசிக்க ஏலாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் உலகப் பொதுத் தரமான யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு 1991 முதல் பதிப்பிலிருந்தே சொந்த இடம் இருக்கிறது.

அப்படியென்றால் மூத்தவர்கள் ஏன் பாமினியை விடுகிறார்கள் இல்லை? பிடிவாதம் என்று நினைத்துப் புதியவர்கள் பாய்ந்துவிடுவார்கள். எங்கள் கடையில் தட்டச்சு செய்யும் அக்காவுக்கு இருபது வருடப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அவரிடம் போய் "யூனிகோடுக்கு மாறுங்கோ அக்கா" என்றால் அவர் காதில் விழுவது "இருபது வருடத்தை மறந்துவிடுங்கோ" என்பதுதான். இங்கே கேள்வியே பிழையாகக் கேட்கப்படுகிறது. விசைப்பலகையில் விரல் போகும் இடம் ஒன்று, கோப்பில் பதியும் எழுத்து இன்னொன்று. இரண்டையும் பிரித்துவிடலாம். இ-கலப்பை போன்ற மென்பொருளில் பாமினி விசை அமைப்பைத் தெரிவு செய்தால், விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், கோப்பில் யூனிகோட் பதியும். அக்காவுக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன். வாதம் எதுவும் தேவைப்படவில்லை. "இதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

அடுத்து விண்டோஸா லினக்ஸா. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், அதனால் ஊரில் உள்ள எத்தனையோ நல்ல லெப்டொப்கள் வாசலிலேயே நிற்கின்றன. "லினக்ஸ் போடு" என்று ஒருவர் சொன்னால், "என் பிரிண்டர் ஓடுமா, என் அலுவலகக் கோப்பு திறக்குமா" என்று கேளுங்கள். வாயால் பதில் தேடவேண்டாம். லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து ஓடவிட்டு ஒரு நாள் வேலை பாருங்கள்.

கேம் என்று வந்துவிட்டால்

இங்கே கதை கொஞ்சம் வேறு. பாதி அளக்கக்கூடியது, பாதி ருசி. இரண்டையும் ஒரே தட்டில் போட்டால் அடிபிடிதான்.

அளக்கக்கூடியதில் முதலாவது பிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம். ஒரு செக்கனுக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் சுமார் 16.7 மில்லிசெக்கன். 30 என்றால் 33.3. சராசரியை மட்டும் சொல்லி ஏமாறாதீர்கள். சராசரி 60 இருந்தும், இடையிடையே ஒரு பிரேம் 100 மில்லிசெக்கன் இழுத்தால் கைக்குத் தெரியும், சராசரியில் தெரியாது.

இரண்டாவது பிங், அதாவது உங்கள் மெஷினிலிருந்து ஒரு சின்னச் செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். "எண்ட நெட் குப்பை, அதுதான் செத்துப்போனேன்" என்று சொல்லாதவர் எங்கள் கூட்டத்தில் இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடும். திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீற்றர். போய்வர 5,200. ஒளிக்கு 26 மில்லிசெக்கன் வேண்டும். கேமின் சேர்வர் சிங்கப்பூரில் என்றால், எந்தக் கொம்பன் கொம்பனியின் இணைப்பு எடுத்தாலும் இதற்குக் கீழே போகமுடியாது. நிஜத்தில் இதைவிடக் கூடத்தான் வரும், ஏனென்றால் எங்கள் கண்ணுக்கு முன்னால் கடல் இருந்தாலும் எங்கள் டேட்டா முதலில் தீவைக் கடந்து மறுபக்கம் போய்த்தான் கடலில் இறங்குகிறது. கேபிள்கள் கரையேறுவது கொழும்புப் பக்கமும் மாத்தறைப் பக்கமும். மும்பை சேர்வர் என்றால் நேர்கோடு சுமார் 1,500 கிலோமீற்றர்தான், ஆனால் கேபிள் எந்த வழியாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்துச் சிங்கப்பூரைவிட மோசமாகவும் வரலாம். கேமில் சேர்வரைத் தெரிவு செய்ய விட்டால் இரண்டையும் சோதியுங்கள்.

சோதிக்கும்போது வீட்டு வைஃபை ரௌட்டருக்கே ஒரு தடவை 20 பிங் அனுப்புங்கள். அங்கேயே எண்கள் துள்ளினால் கோளாறு வீட்டுக்குள், கொம்பனியைத் திட்டிப் பயனில்லை. ரௌட்டர் ஒழுங்காகப் பதில் தந்து, வெளியே போகும் பிங் மட்டும் இரவு எட்டு மணிக்குத் துள்ளினால் அப்போது திட்டலாம். தாராளமாக.

இனி ருசி. ஃப்ரீ ஃபயரா பப்ஜியா என்று பெடியள் அடிபடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஃப்ரீ ஃபயரில் 50 பேர், பத்து நிமிடத்தில் ஆட்டம் முடியும், சின்ன போனிலும் ஓடும். பப்ஜியில் 100 பேர், அரை மணித்தியாலம் போகும், போனும் கொஞ்சம் பலமாக வேண்டும். இவ்வளவும் தரவு. ரியூஷனுக்கு நடுவே பத்து நிமிடம் கிடைக்கும் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று இதிலிருந்தே சொல்லலாம். இதைத் தாண்டி "எது சிறந்தது" என்றால், "எனக்கு இது பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிடித்ததற்கு ஆதாரம் தேடிப் பிடித்துப் பொய்க் கணக்குக் காட்டுவதுதான் அசிங்கம்.

கேம் விவாதத்தில் திகதி மிக முக்கியம். சைபர்பங்க் 2077 கேம் 2020 டிசம்பரில் வந்தபோது பழைய பிளேஸ்டேஷன் 4இல் அது பட்ட பாட்டைப் பார்த்து சோனி தன் கடையிலிருந்தே அதைச் சில மாதம் தூக்கிவிட்டது. அதே நாளில் பலமான கணினியில் விளையாடியவர்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள். 2023இல் 2.0 பதிப்பு வந்து கேம் நிறைய மாறிப்போனது. ஆக, "அது குப்பை" என்றவரும் "அது தங்கம்" என்றவரும் ஒருவரும் பொய் சொல்லவில்லை. எந்த மெஷினில், எந்தப் பதிப்பில், எந்த வருடத்தில் என்ற மூன்றையும் சொல்லியிருந்தால் சண்டையே இல்லை. ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் வாங்குபவர்களுக்கு: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். கேமை வாங்கலாமா என்று பத்துப் பேரோடு வாதாடுவதைவிட இந்த வழி கெதியானது.

தோற்கத் தெரிய வேண்டும்

1992 ஜனவரியில் நடந்த ஒரு விவாதத்தை எங்கள் கூட்டத்துக்கு வரும் எல்லோருக்கும் நான் சொல்வேன். மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிய பேராசிரியர் அன்ட்ரூ டனன்பௌம், "லினக்ஸ் காலாவதியானது" என்று எழுதினார். லினக்ஸின் கேர்னல், அதாவது இயங்குதளத்தின் நடுக்கரு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பழைய பாணி என்பது அவருடைய குற்றச்சாட்டு. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போது 22 வயது, மாணவர். சூடாகவே திருப்பிக் கொடுத்தார். ஆனால் சூடு தணிந்ததும், தான் பேசிய தொனிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். கருத்தை விடவில்லை, தொனியை மட்டும் விட்டார். இன்று ஒவ்வொரு ஆண்ட்ராய்ட் போனிலும் லினக்ஸ் கேர்னல் இருக்கிறது. பேராசிரியர் தோற்றுவிட்டார் என்று சிரிக்கப் போகிறவர்களுக்கு: இன்டெல் சிப்புகளுக்குள் இருக்கும் மேலாண்மைப் பகுதியில் அவருடைய மினிக்ஸ் ஓடுகிறது என்பது 2017இல் வெளியே தெரியவந்தது.

நாங்கள் பாவிக்கும் சில பழக்கங்களைச் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் சொன்னதை முதலில் உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள்: "நீங்கள் சொல்றது, 4 ஜிபி மெஷினில் எட்ஜ் டேப்களைத் தூங்கவைக்கிறதால நல்லம் எண்டுதானே?" அவர் ஆம் என்ற பிறகு மறுத்துப் பேசுங்கள். பாதி நேரம் அவர் "இல்லை, நான் அதைச் சொல்லேல்ல" என்பார், நீங்கள் இல்லாத பேயோடு அடிபடாமல் தப்புவீர்கள். மூத்தவர் ஒருவர் பிழையாகச் சொன்னால் எல்லோர் முன்னாலும் பிடிக்காதீர்கள். "அண்ணா, புதுப் பதிப்பில அது மாறிப்போச்சு போல, ஒருக்காப் பாருங்கோ" என்று வழி விடுங்கள். நீங்கள் பிழை என்றால், பிழை விட்ட அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் "சரி, நீங்கள் சொன்னதுதான் சரி" என்று சொல்லுங்கள். தனியாக மெசேஜ் போட்டு ஒப்புக்கொள்வது அரை மன்னிப்பு.

உண்மையான கோளாறு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அதை விவாதத்தில் வீணாக்காதீர்கள். மொசில்லாவின் பக்ஸில்லா போல ஒவ்வொரு பெரிய மென்பொருளுக்கும் கோளாறு பதியும் இடம் உண்டு. என்ன செய்தேன், என்ன நடக்கவேண்டும், என்ன நடந்தது என்று மூன்று பத்தி, கூடவே அந்தத் துண்டுக் காகிதத்தில் எழுதிய மெஷின் விவரம். முதலில் புதிய புரொஃபைலில் அது திரும்ப நடக்கிறதா என்று பாருங்கள். நடக்காவிட்டால் அது உங்கள் எக்ஸ்டென்ஷன், பதிய ஒன்றுமில்லை.

தம்பி இப்போது கடற்கரைக்கு வரும்போது காகிதத்தோடு வருகிறான். போன சனிக்கிழமை நிலாவெளி விடுதிக்குக் கூட்டிப் போனேன், மச்சானின் லெப்டொப்பில் மூன்று பிரவுசரையும் முறைப்படி சோதித்தோம். இரண்டு மணித்தியாலம், ஒன்பது ரீஸ்டார்ட். எண்களை வரிசையாக எழுதி மச்சானிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். பிறகு ஒபேராவைத் திறந்தார்.

"ஏன் மச்சான்?"

"வரிசையில இது ஒண்டுதான் சிவப்பு. தேடாமக் கிடைக்கும்."

தம்பி காகிதத்தைத் திருப்பி வாங்கி, அதையும் எழுதிக்கொண்டான்.